என் மூச்சும் எங்கள் சாணி கேஸும்

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது சமையலறையில் சாணி கேஸ் அடுப்பில் பால் காய்கிறது. தீ நீலமாக எரிகிறது. இதில் என்ன அதிசயம் என்று கேட்பீர்கள். சில மாதங்களுக்கு முன்னால் இந்த அடுப்பும் எரியவில்லை, எனக்கும் மூச்சு விட முடியவில்லை. இரண்டும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் படுத்துக்கொண்டன. இரண்டையும் படுக்கவைத்தது ஒன்றேதான் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

சொசைட்டியில் பால் ஊற்ற வரும் பெண்கள் என் நோயைப் பற்றி ஆளுக்கு ஒரு கதை வைத்திருக்கிறார்கள். ஒருத்தி நெஞ்சில் கட்டி என்கிறாள். இன்னொருத்தி, மாட்டு மூச்சு பட்டால் அப்படித்தான் வரும் என்று சொல்லி அவள் வீட்டு மருமகளைக் கொட்டகைக்கே விடுவதில்லையாம். பதில் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. நடந்ததை எழுதி வைத்துவிட்டால் கேட்பவர்களிடம் நீட்டிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

என் பெயர் மரகதம். பாலக்காட்டு மாவட்டத்தின் தமிழ்நாட்டு எல்லையில், எருத்தேன்பதிப் பக்கம் எங்களுக்குத் தென்னந்தோப்பும் நாலு கறவை மாடுகளும் உண்டு. தோப்பு என் கணவர் துரைசாமியின் பொறுப்பு, மாடுகள் என் பொறுப்பு. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அப்படித்தான். நாலில் ஒருத்திக்கு மேடம் என்று பெயர். கழுத்தைத் தடவி இரண்டு நல்ல வார்த்தை சொன்னால்தான் பால் இறக்குவாள், அவசரப்படுத்தினால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். என் கணவர் அவளிடம் போனால் வாலால் ஓர் அடி நிச்சயம்.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு என்று வீட்டில் சொல்வார்கள். எதைப் பார்த்தாலும் ஏன், எப்படி என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். மின்சார மீட்டர் பார்க்க வருபவர்கூட எங்கள் வீட்டில் சீக்கிரம் கிளம்ப முடியாது. அப்படிப்பட்டவள் ஒரு பொருளை மட்டும் ஒரு கேள்வியும் கேட்காமல் வீட்டுக்குள் விட்டேன்.

போன வருஷம் எங்கள் பக்கத்தில் மாடுகளுக்குத் தோல் முழுக்கக் கட்டி கட்டியாக வரும் நோய் பரவியது. எங்களுக்கு ஒரு கிடாரி போய்விட்டது. நான் கையில் வளர்த்த கன்று அது. அதற்குப் பிறகு கொட்டகைக்குள் போகும்போதெல்லாம் எனக்குக் கிருமி பயம்தான். தரை, தொட்டி, தூண் எங்கேயும் கிருமி ஊர்வது போலவே இருக்கும். அந்தச் சமயம் பார்த்து ஒரு வேன் வந்தது. அதில் வந்தவர் நீலநிறக் கேனைத் திறந்து காட்டினார். எலுமிச்சை வாசனை. வீட்டுக்கும் ஆகும், கொட்டகைக்கும் ஆகும், எந்தக் கிருமியையும் விடாது என்றார். ஊரில் எல்லோரும் அதை லோஷன் என்று சொன்னார்கள். நானும் அப்படியே சொல்லப் பழகினேன்.

ஒரு வாளித் தண்ணீருக்கு ஒரு மூடி ஊற்றித் துடைக்க வேண்டும் என்று கேனில் படம் போட்டிருந்தது. நாங்கள் குடியானவர்கள். மருந்து என்று ஒன்று கைக்கு வந்தால் அதைத் துடைக்கத் தெரியாது, அடிக்கத்தான் தெரியும். வீட்டில் முதுகில் மாட்டிக்கொள்ளும் மருந்தடிக்கிற டேங்க் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. கழுவி எடுத்து, மூடிக் கணக்கையெல்லாம் விட்டுவிட்டு ஒரு டம்ளர் லோஷனை ஊற்றி, காலையிலும் சாயங்காலமும் கொட்டகை முழுக்கப் புகையாக அடித்தேன். அது காற்று மாதம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று மாடுகளைப் படுத்தக்கூடாதென்று நாலு பக்கமும் படுதா கட்டியிருந்தோம். அடித்த புகை வெளியே போக வழியில்லை. அதற்குள்தான் உட்கார்ந்து பால் கறந்தேன்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். கேரளா என்றால் மழை என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். எங்கள் பஞ்சாயத்துக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை. தண்ணீரை ஒரு தடவை மட்டும் பயன்படுத்திவிட்டுக் கொட்டுகிற வழக்கம் எங்களிடம் கிடையாது. கொட்டகை கழுவிய தண்ணீரை அப்படியே பிடித்துச் சாணம் கரைத்துக் கேஸ் குழியில் விடுவோம். வீடு துடைத்த வாளியும் அதில்தான் கவிழும். குழியிலிருந்து வழிகிற சாணிக்கரைசல் தென்னைக்குப் போகும்.

முதலில் இருமல் வந்தது. பிறகு சாயங்காலம் கறவை முடிந்ததும் நெஞ்சில் இறுக்கம். பக்கத்து டாக்டர் சளி என்று பாட்டில் மருந்தும், அலர்ஜி மாத்திரையும் கொடுத்தார். பொள்ளாச்சியில் கட்டிக்கொடுத்திருக்கும் என் மகள் கவிதா வீட்டுக்கு ஒரு விசேஷத்துக்குப் போய்ச் சில நாள் தங்கினேன், ஒன்றுமே இல்லை. திரும்பி வந்ததும் மறுபடி இருமல். மகள் வீட்டுச் சாப்பாடு ஒத்துக்கொள்கிறது போல என்று என் கணவர் கேலி செய்தார்.

ஒரு நாள் டேங்கை முதுகில் மாட்டி அடித்துக்கொண்டிருந்தபோதே யாரோ நெஞ்சைக் கயிறு போட்டு இறுக்கியது போல ஆயிற்று. கூப்பிட வாய் திறந்தேன், சத்தம் வரவில்லை. மேடம் கத்திய கத்தலில்தான் என் கணவர் ஓடி வந்தார். பக்கத்துத் தோப்புக்காரரின் ஜீப்பில் போட்டுப் பாலக்காட்டுக்குக் கொண்டுபோனார்கள். வழியெல்லாம் அவர் என் கையை விடவே இல்லை. "பேசாத புள்ள, பேசாத, மூச்ச மட்டும் உடு" என்று சொல்லிக்கொண்டே வந்தார். நான் பேசக்கூடாது என்று அவர் கெஞ்சியதும், நான் அதற்குக் கட்டுப்பட்டதும் எங்கள் வாழ்க்கையில் அதுவே முதல் தடவை.

அவசரப் பிரிவில் விரலில் ஒரு கிளிப்பை மாட்டினார்கள். இரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு இருக்கிறது என்று அது காட்டும். மூக்கையும் வாயையும் மூடி ஒரு முகமூடி வைத்தார்கள். நெபுலைசர் என்றார்கள். மருந்தைப் பனி போலாக்கி மூச்சுக்குழாய்க்குள் அனுப்பும் கருவி அது. நுரையீரலுக்குப் போகும் குழாய்கள் வீங்கிச் சுருங்கிப் போயிருந்தன, அந்தப் பனி அவற்றை விரிய வைத்தது. கொஞ்ச நேரத்தில் எனக்கு ஒரு முழு மூச்சு கிடைத்தது. அழுதுவிட்டேன். மூச்சு விடுவதில் இவ்வளவு சுகம் இருக்கிறது என்று எனக்கு அதுவரை தெரியாது.

வார்டில் கவிதா என்னுடன் தங்கினாள். அங்கே நோயாளிக்குத் துணை இருப்பவரைப் பைஸ்டாண்டர் என்கிறார்கள். அவள் கழுத்தில் ஒரு அட்டையை மாட்டிவிட்டார்கள். காலையில் என் தலையைச் சீவிப் பின்னி விடுவாள். சின்னதில் நான் அவளுக்கு இழுத்துப் பின்னியதற்கெல்லாம் சேர்த்துப் பழி வாங்குகிறாளோ என்று தோன்றும். என் கணவர் சாப்பாட்டுத் தூக்கோடு பஸ்ஸில் வருவார், பில் கட்டும் ஜன்னலுக்குப் போவார், திரும்பி வந்து என் கால்மாட்டில் உட்காருவார்.

என்னைப் பார்த்தவர் டாக்டர் அஞ்சு. சின்ன வயசுப் பெண். மலையாளத்தில் தொடங்கித் தமிழில் முடிப்பார், என்னைச் சேச்சி, அதாவது அக்கா, என்பார். நான் கேள்வி கேட்டால் கடிகாரத்தைப் பார்க்காத முதல் டாக்டர் அவர். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு குழாயில் ஊதச் சொன்னார்கள். ஸ்பைரோமெட்ரி என்று அதற்குப் பெயர். எவ்வளவு காற்று, எவ்வளவு வேகத்தில் வெளியே வருகிறது என்று பார்ப்பது. ஊதச் சொன்ன பையன் "ஊது, ஊது, ஊது, நிறுத்தாதே" என்று கத்திய கத்தலில் எனக்குச் சிரிப்பு வந்து இரண்டு தடவை கெட்டுப்போனது. மருந்துக்கு முன்னால் ஒரு முறை, பின்னால் ஒரு முறை. மருந்துக்குப் பின் நன்றாக ஊதினேன். ஆஸ்துமாதான் என்றார் டாக்டர்.

"இந்த வயசுலயா டாக்டர்?"

"வரும் சேச்சி. எதையாவது தினமும் சுவாசிச்சு வரும். மகள் வீட்டுல சரியா இருந்துச்சுன்னு சொன்னீங்கல்ல? அப்போ உங்க வீட்டுல என்னமோ உண்டு. மாட்டோட முடி, வைக்கோல் பொடி, அதுல வர்ற பூஞ்சை. தோல்ல சோதிச்சுப் பார்க்கணும்."

அந்தச் சோதனையை உடனே செய்ய முடியாது, நான் சாப்பிட்ட அலர்ஜி மாத்திரை உடம்பை விட்டுப் போகவேண்டும், அதுவரை காத்திருங்கள் என்றார். என் கணவர் கால்மாட்டில் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் காதில் மாடு என்ற சொல் மட்டும்தான் விழுந்தது என்பது எனக்கு மறுநாள் தெரிந்தது.

"யாவாரிகிட்டப் பேசிட்டேன் புள்ள" என்றார், தூக்கைத் திறந்துகொண்டே.

"எதுக்குங்க யாவாரி?"

"நாலையும் ஓட்டிட்டுப் போகச் சொல்லிட்டேன். துண்டுக்குள்ள கை குடுத்தாச்சு."

எங்கள் பக்கம் மாட்டு விலையை வாயால் பேச மாட்டார்கள். விற்பவர் கையும் வாங்குபவர் கையும் ஒரு துண்டுக்குள் போகும். விரலைப் பிடித்து அழுத்திப் பேரம் நடக்கும். சுற்றி நிற்பவர்களுக்கு விலை தெரியாது. கை கொடுத்துவிட்டால் அதோடு முடிந்தது. பேச்சை மாற்றுகிறவனை அடுத்த சந்தையில் மதிக்க மாட்டார்கள். என் கணவர் அப்படி மாற்றியதே இல்லை.

"என்னைக் கேக்காமயாங்க?"

"கேட்டா நீ உடுவியா? மாடு போனாப் போவுது. உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் என்ன பண்றது, சொல்லு."

அவர் ரசத்தை ஊற்றினார். புகை வாசம் அடித்தது. ஏன் என்று கேட்டேன். கேட்காமல் இருக்க என்னால் முடியாதே.

"வெறகு அடுப்புலதான் வெச்சேன். சாணி கேஸ் எரிய மாட்டேங்குது. முன்னயே மந்தமாத்தான எரிஞ்சுது, இப்ப சுத்தமா நின்னுபோச்சு. பர்னரக் கழட்டித் தொடச்சேன், பைப்பு பூராவும் சோப்புத் தண்ணி போட்டுப் பாத்தேன், ஒழுக்கில்ல. குழியில நொரை கட்டி நிக்குது. புளிச்ச நாத்தம். போட்ட சாணி செரிக்காமயே வெளிய வருது."

மனசு மாட்டின் மேலேயே இருந்ததால் அடுப்பைப் பற்றி அப்போது யோசிக்கவில்லை. அவர் போன பிறகு கவிதாவின் மடியில் தலை வைத்து அழுதேன். மாடு இல்லாத வீட்டில் விடியற்காலையில் எதற்கு எழுந்திருப்பது என்று அவளிடம் கேட்டேன்.

ஆனால் ஆஸ்பத்திரியில் எனக்கு உடம்பு தேறிவந்தது. மாடு இல்லை, வைக்கோல் இல்லை, இருமல் இல்லை. என் கணவர் நினைத்ததுதான் சரி என்று நானே நம்பத் தொடங்கினேன். அப்போதுதான் அந்தக் காலை வந்தது. பக்கத்துக் கட்டில்காரம்மா குணமாகி வீட்டுக்குப் போயிருந்தார். வார்டைச் சுத்தம் செய்யும் அம்மிணி சேச்சி காலியான கட்டிலுக்கு வந்தாள். எங்கள் ஊரில் யாரையும் அம்மிணி என்று பிரியமாகக் கூப்பிடுவோம், இவளுக்குப் பெயரே அதுதான் என்பதால் எனக்கு அவளைப் பிடித்துப்போயிருந்தது. பேசிக்கொண்டே ஒரு பாட்டிலால் மெத்தை, கம்பி, மேஜை எல்லாவற்றிலும் பீச்சினாள். நான் அருகே உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் தொண்டை அரித்தது. இருமல் வந்தது. அப்புறம் அதே கயிறு, அதே இறுக்கம். கவிதா ஓடினாள், முகமூடி வந்தது.

மூச்சு திரும்பியதும் நான் முதலில் சொன்ன வார்த்தை, "இங்க ஏது டாக்டர் மாடு?" என்பதுதான்.

டாக்டர் அஞ்சு என்னைப் பார்த்தார். சுற்றும் முற்றும் பார்த்தார். "இப்போ இங்கே என்ன நடந்துச்சு?"

"ஞான் ஒண்ணும் செய்யல டாக்டரே, பெட்டு தொடச்சேன், அவ்வளவுதான்" என்றாள் அம்மிணி சேச்சி. அவள் முகம் வெளுத்துவிட்டது. அவளைத் தேற்றிவிட்டு டாக்டர் அந்தப் பாட்டிலை வாங்கிப் படித்தார். நான் வீட்டு லோஷனைப் பற்றிச் சொன்னேன். டேங்க், டம்ளர், படுதா எல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல டாக்டரின் கண் பெரிதாகிக்கொண்டே போனது.

"அதை அடிச்சீங்களா? மருந்தடிக்கிற டேங்குலயா?"

"மருந்துதானுங்களே."

கேனின் பின்பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லிக் கவிதா அப்பாவுக்குப் போன் செய்தாள். முதலில் அவர் கட்டைவிரல் வந்தது. பிறகு கேனின் மூடி. கடைசியில் எழுத்து வந்தது. ஆஸ்பத்திரிப் பாட்டிலிலும் எங்கள் கேனிலும் ஒரே பெயர் இருந்தது: பென்சால்கோனியம் குளோரைடு. நான் அதை நாலு தடவை சொல்லிப் பார்த்துப் பழகிக்கொண்டேன். இவ்வளவு நாள் மூச்சில் இழுத்திருக்கிறேன், பெயராவது தெரிய வேண்டாமா?

டாக்டர் விளக்கினார்: கிருமியைச் சுற்றி மெல்லிய தோல் போல ஓர் உறை உண்டாம். இந்த மருந்து அதைக் கிழித்துவிடும், கிருமி செத்துவிடும். ஆனால் நம் மூச்சுக்குழாயின் உட்புறமும் மென்மையானதுதான். துடைக்கும்போது மருந்து பெரும்பாலும் தரையில் நிற்கும். புகையாக அடித்தால் நெஞ்சு வரை போகும். தினமும் அப்படி இழுத்தால் சிலருக்குக் குழாய் புண்பட்டு, பிறகு கொஞ்சம் பட்டாலே சுருங்கும். எல்லோருக்கும் வராது, வந்தவர்களுக்குச் சுலபத்தில் போகாது.

"வாசனைதான் காரணமுங்களா?"

"வாசனையும் சிலருக்கு ஆகாது. ஆனா அது வேற, மருந்து வேற. வாசனை இல்லாத லோஷன்னா கெடுதல் இல்லைன்னு நினைச்சிடாதீங்க."

"அப்ப இந்த மருந்தே வேண்டாமுங்களா?"

"அப்படி இல்லை சேச்சி. ஆபரேஷன் தியேட்டருக்கு வேணும், நோய் இருக்கிற இடத்துக்கு வேணும். சுகமா இருக்கிற வீட்டுத் தரைக்கு எதுக்கு? கொஞ்சங் கொஞ்சமா எல்லா இடத்திலும் போட்டா, சாகாம தப்பிக்கிற கிருமி அதுக்குப் பழகிடும். சில கிருமி அப்புறம் நாங்க கொடுக்கிற ஆன்டிபயாட்டிக்குக்கும் அடங்காது."

அன்றைக்கு மத்தியானம் கவிதாவைக் கூட்டிக்கொண்டு கீழே இருந்த கடைக்கு மெதுவாக நடந்தேன். எது எதில் கிருமியைக் கொல்வதாக எழுதியிருக்கிறது என்று பார்க்க எனக்கு ஆசை. சோப்பு, கை கழுவும் திரவம் சரி. பவுடரில் எழுதியிருந்தது. செருப்புக்குள் போடும் அட்டையில் எழுதியிருந்தது. காய் நறுக்கும் பலகையில்கூட. கடைக்காரர் என்ன வேண்டும் என்றார். கிருமியைக் கொல்லாத பொருள் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். கவிதா என்னை இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

திரும்ப வந்து படுத்தபோது ஒன்று உறைத்தது. உறையைக் கிழிக்கும் மருந்துக்கு நல்ல கிருமி, கெட்ட கிருமி என்று பார்க்கத் தெரியுமா? சாணி கேஸ் குழி கட்டியபோது வந்தவரிடமும் நான் சும்மா இருக்கவில்லை. உள்ளே கிருமிகள் சாணத்தைத் தின்று கேஸை விடுகின்றன, மாட்டு வயிறு மாதிரி ஒரு வயிறு என்று அவர் சொல்லியிருந்தார். அந்த வயிற்றில் தினமும் இரண்டு வேளை லோஷன் தண்ணீரைக் கரைத்து ஊற்றியிருக்கிறேன். புளித்த நாற்றம். செரிக்காத சாணி. எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

டாக்டர் ரவுண்ட்ஸ் வந்ததும் முதல் வேலையாக இதைக் கேட்டேன். அவர் நோயாளி யார் என்பதையே மறந்துவிட்டு என் கட்டிலில் உட்கார்ந்தார்.

"கேஸ் குழி பத்தி எனக்குத் தெரியாது. ஆனா நீங்க சொல்றது நடக்கும். எங்க ஆஸ்பத்திரி அழுக்குத் தண்ணியைச் சுத்தம் பண்ற தொட்டியிலும் அந்த மாதிரி கிருமிதான் வேலை செய்யுது. லோஷன் அதிகமாப் போனா அதுவும் படுத்துக்கும்னு சொல்வாங்க." பிறகு சிரித்தார். "ஒரே லோஷன், ரெண்டு பேஷன்ட்."

மாத்திரையின் வேலை அடங்கியதும் தோல் சோதனை செய்தார்கள். முன்கையில் சின்னச் சின்னச் சொட்டாக விட்டு ஒவ்வொன்றிலும் ஊசியால் லேசாகக் குத்துவார்கள். எது ஆகாதோ அந்த இடம் கொசு கடித்தது போலத் தடிக்கும். தூசி, பூஞ்சை, வைக்கோல், மாடு. மாட்டுச் சொட்டு விட்ட இடத்தை மட்டும் இமை கொட்டாமல் பார்த்தேன். தூசிப் பூச்சிக்கு லேசாகத் தடித்தது. மாட்டுக்கு ஒன்றுமே இல்லை. அந்த இடத்தை விரலால் தடவித் தடவிப் பார்த்து அழுதேன். ஊசி வலிக்கிறதா என்று நர்ஸ் கேட்டாள்.

உடனே வீட்டுக்குப் போன் செய்து சொன்னேன்.

"முந்தி மாடுன்னாங்க, இப்ப மாடில்லீங்கறாங்க" என்றார் என் கணவர். "நாளைக்கு வேற சொன்னா? நீ கொட்டாயில உளுந்து கெடந்தது உனக்குத் தெரியாது. எனக்குத்தான தெரியும்."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. டாக்டரே அதைத்தான் சொன்னார். இந்தச் சோதனை முழு சாட்சி ஆகாது, வீட்டில் பார்த்தால்தான் உறுதி. லோஷன் இல்லாத கொட்டகையில் மூச்சு எப்படி இருக்கிறது என்று அளந்து பாருங்கள் என்று ஒரு சின்னக் குழாயைக் கொடுத்தார். பீக் ஃப்ளோ மீட்டர். ஊதினால் முள் நகரும், மூச்சு இறுகினால் முள் கீழேயே நின்றுவிடும். தினமும் இழுக்க ஒரு இன்ஹேலர், அவசரத்துக்கு ஒன்று. நான் கிளம்பும்போது அம்மிணி சேச்சி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் விரல்கள் வெடித்துத் தோல் உரிந்திருந்தன. எத்தனை வருஷமோ. இப்போது அவளுக்கு டாக்டர் களிம்பும் கையுறையும் ஏற்பாடு செய்திருக்கிறார். கட்டிலில் பீச்சாமல் துணியை நனைத்துத் துடைக்கிறாள்.

நான் வருவதற்குள் என் கணவர் படுதாவையெல்லாம் அவிழ்த்து, வெறும் தண்ணீரில் கொட்டகையைப் பல தடவை கழுவிவிட்டிருந்தார். அந்தத் தண்ணீரைக் குழியில் விடவில்லை. குழியில் பாதியை இறைத்துவிட்டு, பக்கத்துத் தோப்பிலிருந்து நன்றாக வேலை செய்யும் குழியின் கரைசலைக் குடம் குடமாகச் சுமந்து வந்து ஊற்றியிருந்தார். பாலில் உறை ஊற்றுவது போலத்தான் இதுவும். கேஸ் வர நாளாகும். தென்னை வாய்க்காலில் மண்புழுவே காணோம் என்று அவர் அப்போதுதான் சொன்னார். இவ்வளவு செய்தும், மாட்டை நிறுத்தலாம் என்று மட்டும் அவர் வாயிலிருந்து வரவில்லை. யாவாரி ராசுவிடம் சில நாள் தவணை கேட்டிருந்தார், அவ்வளவுதான். நான் முன் அறையை விட்டு வெளியே வரக்கூடாது என்றும் சொல்லிவிட்டார். மேடம் கூப்பிடுவது காதில் விழும். காதைப் பொத்திக்கொள்வேன்.

தவணை முடிந்த அன்று காலையில் வண்டி வந்துவிட்டது. ராசு கயிறுகளோடு இறங்கினார். நான் மீட்டரை எடுத்துக்கொண்டு கொட்டகையைப் பார்த்து நடந்தேன்.

"புள்ள, போகாத" என்றார் என் கணவர்.

"அளந்து பாக்காம ஓட்டக்கூடாதுங்க."

அவசர இன்ஹேலரை மூடியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி அவர் வாசல் தூணோடு நின்றார். நான் உள்ளே போவதற்கு முன் ஒரு முறை ஊதினேன். உள்ளே சாண வாசம், வைக்கோல் வாசம், மாட்டு மூச்சின் சூடு. எவ்வளவு நாளாயிற்று. எனக்கு நன்றாகவே பயமாக இருந்தது. மேடத்தின் கழுத்தில் முகத்தை வைத்து ஆழமாக இழுத்தேன். தொண்டை அரிக்கவில்லை. சொம்பை எடுத்து உட்கார்ந்து கறந்தேன். அவள் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் பாலை இறக்கினாள். கறந்து முடித்து, சாணம் அள்ளி, வைக்கோல் உதறிப் போட்டு, மறுபடி ஊதினேன். முள் முதலில் நின்ற அதே இடத்தில் நின்றது. நம்பாமல் இன்னொரு முறை ஊதினேன். அங்கேயேதான்.

மீட்டரைக் கொண்டுபோய் அவர் கண் முன்னால் நீட்டினேன். முள்ளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு ராசுவிடம் திரும்பினார்.

"தப்புத்தானுங்க" என்றார் பேச்சு மாறாத அந்த மனிதர். "கை குடுத்துட்டேன். ஆனா..."

ராசு கயிறுகளை வண்டிக்குள் எறிந்தார். அவருக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். அவர் என்னிடம் வந்தார்.

"ஏனுங்கக்கா, ஒண்ணு சொல்றனுங்க. இத்தன வருசமா துண்டுக்குள்ள கை உட்டுட்டு இருக்கறன். ஒரு வெரலுக்கு அரநாள் சண்டை போடுவாங்க. உங்க ஊட்டுக்காரரு எந்த வெரலும் புடிக்கலீங்க. வெறுங் கைய நீட்டிட்டு, நீங்க என்ன குடுத்தாலும் சரி, அவ வர்றதுக்குள்ள ஓட்டிருங்கன்னாரு. அப்பவே எனக்கு மனசு ஒப்புல. வெலையே பேசாதது யாவாரமுங்களா? பேச்சு ஒண்ணும் மாறலீங்க, உடுங்க."

ஒரு தேங்காய்க்கு அரை நாள் பேரம் பேசுகிறவர் என் கணவர். திரும்பிப் பார்த்தேன். தூணருகில் அவர் இல்லை.

சமையலறையில் சாணி கேஸ் அடுப்பின் முன்னால் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். கேஸ் குழாயைத் திறந்து வைத்திருந்தார். தீக்குச்சியைக் கிழித்து அடுப்பில் காட்டினார். பற்றவில்லை. அது கருகியதும் இன்னொன்று கிழித்தார். கேஸ் வர இன்னும் நாளாகும் என்று எனக்கும் தெரியும், குடம் குடமாக ஊற்றிய அவருக்கும் தெரியும். தோள் லேசாகக் குலுங்கியது. பெட்டியில் குச்சி தீரும் வரை நான் அவரை ஒன்றும் கேட்கவில்லை.